பதினெண் பெண்டிரின் சொல்லும் அரசின் கோப்பும்

(அரூர் வட்டாரத் தமிழன்பர் கூட்டமொன்றில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தகடூர் மண்ணில் பேச வருகின்றவர்கள் அதியமானையும் ஔவையையும் நெல்லிக்கனியையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். நானும் பல மேடைகளில் அவ்வாறு தொடங்கியவனே. இன்று அவ்வழக்கத்தை விட்டுவிடுகின்றேன். பழம்பெருமையைப் பேசிக் கைதட்டல் பெற்றுக்கொண்டு, அதே மண்ணில் நம் காலத்தில் நடந்த கொடுமையைப் பேசாமற் போவது தமிழனுக்கு அழகன்று. அரூரை அடுத்துச் சித்தேரி மலையின் அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் சிற்றூரைப் பற்றியும், அவ்வூர் மக்களின் வழக்கில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பற்றியுமே இன்று பேச வந்துள்ளேன்.

முதல் தீர்ப்பு, 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 29 ஆம் நாள் தருமபுரி மாவட்ட முதன்மை அறமன்றம் வழங்கியது. இரண்டாம் தீர்ப்பு, 2023 ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 29 ஆம் நாள் சென்னை உயர் அறமன்றம் வழங்கியது. நாள் ஒன்றே, இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். (நீதிமன்றம் என்று எழுதியே பழகிய நண்பர்கள் பொறுத்துக்கொள்க. அறத்தைச் சொல்ல வேண்டிய இடத்தை அறமன்றம் என்றே நான் சொல்வேன். அவ்விடம் எல்லா நாளும் அப்பெயருக்கு ஏற்ப நடக்கின்றதா என்பது வேறு கேள்வி.)

வாச்சாத்தியில் வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டவுடன் சேரநாட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்வோர் மலையாளி, அவ்வளவே. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அவர்கள் பேசுவது தமிழ். கல்வராயன், சேர்வராயன், கொல்லி, சவ்வாது, சித்தேரி எனத் தமிழகத்தின் மலைகளில் எல்லாம் அவர்கள் பரவி வாழ்கின்றனர். 1882 ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டத்தைக் கொண்டு வெள்ளையன் மலைக்கு எல்லைக்கல் நட்ட நாள்முதல், அதுவரை மலையை ஆண்டவன் அம்மலையிலேயே களவாளி ஆக்கப்பட்டான். விறகு பொறுக்கினால் குற்றம், ஆடு மேய்த்தால் குற்றம். சந்தன மரமோ அரசின் உடைமை. அம்மரத்தை வெட்டி விற்றுப் பெருஞ்செல்வரானவர் வேறிடத்தில் இருந்தனர். வெட்டுக்கூலி வாங்கியவனும், அதுவும் வாங்காதவனும் மலையடிவாரத்தில் இருந்தனர்.

1992 ஆம் ஆண்டு சூன் 20 ஆம் நாள், கடத்தற் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி அவ்வூருக்குள் காட்டுத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். முன்னரே ஊராருக்கும் காட்டுத்துறையினருக்கும் இடையே ஒரு கைகலப்பு நடந்திருந்தது. அதற்குப் பழிதீர்க்கும் படையெடுப்பாகவே இஃது அமைந்தது. பிற்காலத்தில் குற்றஞ்சாட்டப்பட்டோர் தொகையை நோக்குங்கள்: காட்டுத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆகமொத்தம் 269 பேர். ஒரு சிற்றூரைத் தேடிப் பார்ப்பதற்கு இத்தனை பேரா? ஆண்கள் பலர் மலைக்கு ஓடினர். அகப்பட்டோர் ஊர் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டனர். அவர்களுள் பதினெண் பெண்களைத் தனியே பிரித்து, மறைத்து வைத்த கட்டைகளைக் காட்டுமாறு சொல்லி ஏரிப்பக்கம் கொண்டுசென்று வல்லுறவுக்கு ஆட்படுத்தினர். அவர்களுள் பள்ளிக்குச் செல்லும் அகவையிலிருந்த சிறுமியும் உண்டு. வீடுகள் இடிக்கப்பட்டன, தவசம் பாழாக்கப்பட்டது, ஆடுகளும் கோழிகளும் அடித்துத் தின்னப்பட்டன, குடிநீர்க் கிணறு கெடுக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர், அவருள் பெரும்பாலோர் பெண்கள், அரூர்க் காட்டுத்துறை அலுவலகத்தில் அடைக்கப்பட்டுப் பின்னர்ச் சேலம் சிறைக்கு விடுக்கப்பட்டனர். இதற்குமேல் நிகழ்ச்சியை விரித்துரைக்க எனக்கு விருப்பமில்லை. அதைச் சொல்லும் உரிமை அப்பெண்களுக்கு உரியது; அவர்கள் சொல்லியும் விட்டனர்.

என் பேச்சின் பொருளே அப்பெண்கள் சொன்ன சொல்தான்.

ஒரு குற்றம் நடந்தால் அதன் பதிவுகளை எழுதுகின்றவர் யார்? காவலர். தேடலுக்குச் சென்ற நேரத்தை எழுதுபவர், ஊர்தி எப்போது புறப்பட்டது என்று குறிப்பவர், எத்தனை பேரைத் தளைப்படுத்தினோம் என்று பட்டியல் இடுபவர், எத்தனைக் கட்டைகள் கிடைத்தன என்று கணக்கு எழுதுபவர் யாவரும் அரசின் ஆட்கள். வாச்சாத்தியில் அவ்வரசின் ஆட்களே குற்றஞ்செய்தவர். குற்றஞ்செய்தவர் கையிலேயே எழுதுகோலும் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எழுதிய கோப்பில் அந்நாள் ஒரு வெற்றிநாள்! கடத்தலைப் பிடித்தோம், கட்டைகளைக் கைப்பற்றினோம், கள்வரைச் சிறையிட்டோம். வீடுகள் ஏன் இடிந்து கிடக்கின்றன என்று கேட்டபோது, ஊரார் தாமே இடித்துக்கொண்டனர் என்று அலுவலர் தரப்பில் சொல்லப்பட்டது. தான் கட்டிய குடிசையைத் தானே இடித்து, தான் குடிக்கும் கிணற்றைத் தானே கெடுத்து, அரசின்மீது பழிபோடும் குடிமகனை எந்நாட்டு வரலாற்றிலாவது கண்டதுண்டா? அன்றைய அமைச்சர் பெருமக்களும் குற்றச்சாட்டை மறுத்தனர்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது என்ன? எழுதப் படிக்கத் தெரியாத மலைப்பெண்களின் வாய்ச்சொல்! அதற்குத் தாள் இல்லை, முத்திரை இல்லை.

அச்சொல் அறமன்றப் படியேறியதே பெரும்பாடு. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தைச் சேர்ந்த பெ. சண்முகமும் அவர்தம் தோழர்களும் 1992 சூலைத் திங்களில் அவ்வூருக்குச் சென்று நிகழ்ந்ததை வெளியிட்டனர். மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் அ. நல்லசிவன் உச்ச அறமன்றத்தை நாடினார். அது சென்னைக்குச் செல்க என்று சொல்லிற்று. பட்டியல் இனத்தார், பழங்குடியினர்க்கான இந்திய ஆணையத்தின் தென்மண்டலப் பொறுப்பாளராக இருந்த பாமதி என்னும் அம்மையார் நேரிற் சென்று உசாவி, மக்கள் சொல்வதே மெய் என்னும் கருத்துப்பட அறிக்கை தந்தார். அரசு அலுவலர்க்குள்ளும் முதுகெலும்பு உடையோர் இருந்தனர் என்பதற்காக இதைச் சொல்கின்றேன். நாம் அக்கட்சியைச் சேர்ந்தவர் அல்லோம். எனினும் நன்றியறிவு தமிழர் பண்பு. அவர்கள் அன்று போகாமல் இருந்திருந்தால் வாச்சாத்தி என்னும் பெயரே நமக்குத் தெரிந்திராது. தமிழ், தமிழர் என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் எத்தனைபேர் 1992 இல் அவ்வூருக்குச் சென்றோம்? இவ்வினாவை என்னையும் சேர்த்தே கேட்டுக்கொள்கின்றேன்.

1995 இல்தான் சென்னை உயர் அறமன்றம் இவ்வழக்கை நடுவண் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மறு ஆண்டு 269 பேர்மீதும் குற்றப்பத்திரம் பதிவாயிற்று. அதன்பின் பதினைந்து ஆண்டுகள்! 2011 இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் மாண்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும், ஆம், ஒருவர் தவறாமல் 215 பேரும், குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டனர். காட்டுத்துறையினர் 126 பேர். காவல்துறையினர் 84 பேர். வருவாய்த்துறையினர் 5 பேர். இந்தியக் காட்டுப் பணியைச் சேர்ந்த உயரலுவலர் நால்வரும் அவருள் அடக்கம். வல்லுறவுக் குற்றத்துக்காக 17 பேர் தண்டிக்கப்பட்டனர்: 12 பேருக்குப் பத்தாண்டும் 5 பேருக்கு ஏழாண்டும் சிறை. பட்டியல் இனத்தார், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இவ்வழக்கில் செயற்பட்டது. அச்சட்டம் 1989 இல் இயற்றப்பட்டு 1990 சனவரியில் நடப்புக்கு வந்தது. அது நடப்புக்கு வந்து இரண்டரை ஆண்டுக்குள் அரசே அதை மீறிய நிகழ்ச்சி வாச்சாத்தி.

2023 இல் நடுவர் வேல்முருகன், குற்றவாளிகளின் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளினார். தீர்ப்புக்கு முன், அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 4 ஆம் நாள், அவர் வாச்சாத்திக்கு நேரில் வந்து இடங்களைப் பார்த்தார். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 310 ஆம் பிரிவு, நடுவர் ஒருவர் இடத்தைப் பார்வையிட இடம் தந்தது. ஆயினும் உயர் அறமன்ற நடுவர் ஒருவர் முப்பத்தொரு ஆண்டுக்குப் பின் மலையடிவாரத்தில் வந்து நின்றது அரிய செயல். ஆலமரத்துக்கும் ஏரிக்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதைத் தாளில் படிப்பது ஒன்று. நடந்து பார்ப்பது மற்றொன்று. பெண்கள் சொன்ன சொல் அந்நிலத்தோடு பொருந்துகின்றது என்று கண்ட பின்னரே அவர் எழுதினார். அப்பெண்களின் சான்றுரை முன்பின் மாறாதது, நம்பத்தக்கது என்று அவர் கொண்டார். அலுவலர் தரப்புக் கதையை ஏற்க மறுத்தார். மெய்யான கடத்தற் பெருமுதலைகளைக் காப்பதற்காகவே ஏழை மக்கள் பலியிடப்பட்டனர் என்னும் கருத்தையும் தீர்ப்பில் பதிந்தார்.

இதன் அருமை விளங்கவேண்டுமாயின் நாற்பது, ஐம்பது ஆண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும். 1972 இல் மகாராட்டிரத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி காவல்நிலையத்துக்குள்ளேயே இரு காவலரால் கெடுக்கப்பட்டாள். மாவட்ட மன்றம் காவலரை விடுவித்தது. மும்பை உயர் அறமன்றம் தண்டித்தது. 1978 இல் உச்ச அறமன்றம் மீண்டும் விடுவித்தது! துக்காராம் வழக்கு என்று சட்ட நூல்களில் அதற்குப் பெயர். சொன்ன கரணியம் யாது? அப்பெண்ணின் உடலில் காயம் இல்லை. அவள் கூக்குரல் இடவில்லை. எனவே இசைந்தாள் என்று கொள்ளலாமாம். இரவில், காவல்நிலையத்தில், கதவு சாத்தப்பட்ட நிலையில், சீருடைக்காரன் முன் நிற்கும் மலைச்சிறுமி கூவவில்லை என்பதால் இசைந்தாளாம். 1979 இல் சட்டப் பேராசிரியர் நால்வர் உச்ச அறமன்றத் தலைமை நடுவர்க்குத் திறந்த மடல் எழுதினர். பெண்கள் தெருவில் இறங்கினர். அதன் பயனாக 1983 இல் சட்டம் திருந்திற்று. சான்றுச் சட்டத்தில் 114-அ என்னும் பிரிவு புகுந்தது. காவலிலோ அரசு அலுவலரின் பிடியிலோ இருந்த பெண், உறவு நிகழ்ந்தது மெய்ப்பிக்கப்பட்ட பின், நான் இசையவில்லை என்று சொன்னால், மன்றம் அவள் இசையவில்லை என்றே கொள்ளவேண்டும். இசைந்தாள் என்று காட்டும் சுமை அலுவலனுடையது. ஒரு மலைப்பெண்ணின் சொல்லை நம்ப மறுத்ததால் பிறந்த சட்டம் அது. இன்னும் பதினெண் மலைப்பெண்களின் சொல் நம்பப்படுவதற்கு அச்சட்டம் வகுத்த பாதையே துணையாயிற்று.

இனி, எனக்கு உறுத்தலாக இருப்பதைச் சொல்கின்றேன். தண்டிக்கப்பட்டோருள் பலர் கடைநிலைக் காவலரும் காட்டுக் காவலரும் ஆவர். மேலிடத்து ஆணைப்படி சென்றோம் என்பது அவர்கள் பேச்சு. அது சட்டத்தில் நில்லாது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட செயலுக்கே காப்பளிக்கின்றது. சட்டத்துக்கு மாறான ஆணைக்கு அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க்கில் செருமானியத் தளபதிகளும் அமைச்சர்களும் இதையே சொன்னார்கள். மேலாணை என்பது குற்றத்தைத் துடைக்காது என்பது அங்கும் முன்னரே வகுக்கப்பட்டிருந்த நெறி. ஆகவே கீழ்நிலையார் தண்டனை பெற்றது முறையே. அவர்களுக்காக நான் இரங்கவில்லை.

ஆனால் ஆணையிட்டவன் எங்கே? 269 பேர் மூன்று துறைகளிலிருந்து ஒரே ஊருக்குள் ஒரே நாளில் புகுவது தானாக நிகழும் செயலா? மாவட்டத்தின் தலைமையில் இருந்தோர்க்குத் தெரியாமலா நடந்தது? தெரிந்த பின்னராவது என்ன செய்தனர்? உயர் அறமன்றம் இதைக் காணாமல் இல்லை. 1992 இல் மாவட்ட ஆட்சியராகவும், காவல் கண்காணிப்பாளராகவும், மாவட்டக் காட்டு அலுவலராகவும் இருந்தவர்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது. இதழ்கள் இவ்வாணையைப் பெரிய எழுத்தில் போட்டன. சட்டம் பயின்றவன் என்ற முறையில் அதன் மறுபக்கத்தையும் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முப்பத்தொரு ஆண்டு கழிந்தபின் எந்த நடவடிக்கை எடுப்பது? துறை நடவடிக்கை எனில், ஓய்வூதிய நெறிகள் குறுக்கே நிற்கின்றன. ஓய்வு பெற்றவர்மீது நான்காண்டுக்கு முற்பட்ட நிகழ்ச்சிக்காகப் புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க அவை பொதுவாக இடந்தருவதில்லை. குற்ற நடவடிக்கை எனில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு உண்டு: கடமையை வேண்டுமென்றே புறக்கணித்த அரசு ஊழியர்க்கு ஆறு திங்கள் முதல் ஓராண்டு வரை சிறை. ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றத்தை ஓராண்டுக்குள் மன்றம் ஏற்கவேண்டும் என்பது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 468 ஆம் பிரிவு. அறத்தின் பொருட்டு அக்கால எல்லையைத் தள்ளுபடி செய்ய 473 ஆம் பிரிவில் ஒரு சிறுவழி உண்டு; அவ்வழியே செல்ல அரசு முனைந்தால்தான் உண்டு. கால் வைத்தவனைப் பிடிக்கும் வலையில் ஏவியவன் நழுவும் ஓட்டை இருக்கின்றது. நம் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்கவேண்டிய கேள்வி இது: பழங்குடியினர்மீது கூட்டு வன்கொடுமை நடந்தால், மேலிருந்தோரின் புறக்கணிப்புக்கு மட்டும் ஏன் ஓராண்டுச் சிறையும் ஓராண்டுக் கால எல்லையும்?

வேறொரு வாயில் நல்லவேளையாக அடைபட்டுவிட்டது. அரசு ஊழியர்மீது வழக்குத் தொடுக்க அரசின் முன்னிசைவு வேண்டும் என்னும் 197 ஆம் பிரிவைக் காட்டிப் பல கொடியவர் தப்பியதுண்டு. 2013 ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வல்லுறவு உள்ளிட்ட குற்றங்களுக்கு அவ்விசைவு வேண்டா என்று தெளிவாக எழுதிவிட்டனர். பெண்ணைக் கெடுப்பது எந்த அலுவலனுக்கும் அலுவற் கடமை ஆகாது என்பதைச் சட்டத்தில் எழுத விடுதலைக்குப்பின் அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின!

இழப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். பதினெண்மர்க்கும் தலைக்குப் பத்து இலக்கம் உரூபா வழங்குக. அதிற் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமிருந்து தண்டுக. அவர்களுக்கோ குடும்பத்தார்க்கோ அரசு வேலையோ தொழில் வாய்ப்போ தருக என்பது ஆணை. குற்றவாளியின் பையிலிருந்து பாதியை எடுக்கச் சொன்னது பாராட்டுக்குரியது. வழக்கமாக இவ்விழப்பீடுகள் எல்லாம் நம் வரிப்பணத்திலிருந்து போகின்றன. ஆனால் பத்து இலக்கத்தை முப்பத்தொன்றால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு முப்பத்திரண்டாயிரத்துக்குச் சற்று மேல்; திங்களுக்கு இரண்டாயிரத்து எழுநூறு கூட வரவில்லை. பள்ளிச் சிறுமியாக ஏரிக்கரைக்கு இழுக்கப்பட்டவள் நாற்பதைக் கடந்த பின் பெறும் தொகை அது.

இப்போது நம் இயக்கத்தார் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்திக்கு வருகின்றேன். இதை வலிந்து நுழைப்பதாக யாரும் எண்ணவேண்டா. வழக்கின் உயிரே சொல் என்றேன். அச்சொல் எம்மொழியில் சொல்லப்பட்டது? தமிழில். எம்மொழியில் இறுதியாக எடைபோடப்பட்டது? ஆங்கிலத்தில்.

ஒரு பெண் கூண்டில் நின்று தன் ஊர்த்தமிழில் சொல்கின்றாள். கீழ்மன்றத்தில் அது தமிழில் பதியப்படுகின்றது. 1976 இல் நம் ஆட்சிமொழிச் சட்டத்தில் செய்த திருத்தம், மாவட்ட மன்றங்கள் வரை சான்றுரையும் தீர்ப்பும் தமிழில் அமையவேண்டும் என்றது. ஆங்கிலத்துக்கு இடந்தரும் விலக்கையும் உடன்வைத்தது. மேல்முறையீட்டில் உயர் அறமன்றம் செல்லும்போது அச்சான்றுரை ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்படுகின்றது. "இழுத்தான்" என்பதற்கும் "கூட்டிப் போனான்" என்பதற்கும் இடையே வல்லுறவு வழக்கில் உள்ள இடைவெளி எத்தகையது? பெயர்ப்பவர் களைத்திருந்த ஒரு பிற்பகலில் முன்னதைப் பின்னதாக்கிவிட்டால்? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அம்முரணைப் பிடித்துக்கொண்டு அரைநாள் பேசுவார். நானே பேசியிருக்கின்றேன், மறைப்பானேன். வாச்சாத்தி வழக்கில் அச்சொல் தப்பிப் பிழைத்தது. ஒருவர் சொல்லியிருந்தால் ஒருகால் பிழைத்திராது. பதினெண்மர் சொன்னதாலும், நடுவரே நேரில் வந்து நிலத்தைக் கண்டதாலும் பிழைத்தது. ஒற்றைப் பெண்ணாக மன்றம் ஏறுபவளுக்கு அத்துணை இல்லை.

என் இளமையில் ஒரு வழக்குமன்றத்தில் நேர்ந்தது இன்னும் நினைவில் உள்ளது. தீர்ப்பைப் படித்து முடித்த நடுவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என் கட்சிக்காரி, ஓர் உழவர்குடி மூதாட்டி, என் கறுப்பு அங்கியைப் பற்றிக்கொண்டு, "என்னங்க தம்பி சொல்லிட்டுப் போறாரு?" என்று கேட்டாள். அவளுடைய நிலம் அவளுக்கே என்று தீர்ப்பாகியிருந்தது. வென்றதே அவளுக்குத் தெரியவில்லை! அழுது முடித்த பின்னர்தான் நான் சொல்லி அவள் அறிந்தாள். தோற்றதாக எண்ணி அழுதிருக்கின்றாள்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 348 ஆம் பிரிவு உயர் அறமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கின்றது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு ஆளுநர் மாநில மொழிக்கு இடந்தரலாம் என்கின்றது. அவ்வழியே 1950 இல் இராசத்தானும், 1969 இல் உத்தரப்பிரதேசமும், 1971 இல் மத்தியப்பிரதேசமும், 1972 இல் பீகாரும் இந்தியை உயர் அறமன்றத்தில் அமர்த்திக்கொண்டன. 2006 திசம்பரில் தமிழக சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் இயற்றி விடுத்தது. என்ன ஆயிற்று? உச்ச அறமன்ற நடுவர்களின் கருத்தைக் கேட்டோம், அவர்கள் இசையவில்லை என்று தில்லி கைவிரித்தது. 2010 இல் மதுரையில் வழக்கறிஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். இந்திக்குத் திறந்த வாயில் தமிழுக்கு மட்டும் ஏன் சாத்தப்பட்டது என்பதற்கு நேரிய விடை இதுவரை இல்லை.

விடைக்கு மாறாக வந்தது என்ன தெரியுமா? 2024 சூலை முதல் நாளிலிருந்து தண்டனைச் சட்டமும், குற்ற நடைமுறைச் சட்டமும், சான்றுச் சட்டமும் போய், பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா, பாரதிய சாக்சிய அதிநியம் என்று மூன்று வந்தன. சட்டங்களின் முறையான வடிவம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்கின்ற அதே 348 ஆம் பிரிவு, பெயர் வைக்கும்போது மட்டும் எங்கே போயிற்று? நான் மேலே சொன்ன 114-அ பிரிவு இப்போது அப்புதுச் சட்டத்தில் 120 ஆம் பிரிவு. 197 ஆம் பிரிவு இப்போது 218. எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வழக்குக்கு உதவும். பெயர்களைப் பலுக்க முயன்று பல்லை உடைத்துக்கொள்ள வேண்டா. வடக்கே உள்ளவன் தன் மொழியில் சட்டத்தின் பெயரையாவது படிப்பான். வாச்சாத்திப் பெண்ணுக்கு உள்ளடக்கமும் அயல்மொழி, பெயரும் அயல்மொழி.

2023 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆங்கிலத்தில் அமைந்தது. அதன் ஆணைப்பகுதியை, இழப்பீடு, வேலை, ஊர் மேம்பாடு, அலுவலர்மீது நடவடிக்கை ஆகியவை அடங்கிய பகுதியை, நானும் இரு இளைய வழக்கறிஞர்களும் தமிழில் ஆக்கியிருக்கின்றோம். சட்டச் சொற்கள் சிலவற்றுக்கு மூவரும் மூன்றுநாள் சண்டையிட்டோம்; பிழை இருப்பின் தமிழறிஞர்கள் திருத்துக. படிகள் அவையின் பின்புறம் வாயிலருகே உள்ள பலகையில் வைக்கப்பட்டுள்ளன. சித்தேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்திருப்போர் ஊருக்கு இரண்டு படி எடுத்துச் செல்க. எழுத்தறியாத முதியோர்க்கு இளைஞர்கள் உட்கார்ந்து படித்துக் காட்டுக. ஒருமுறைக்கு இருமுறையாக, நிறுத்தி நிறுத்தி. ஆணையில் எது தமக்கு வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்று அவர்கள் சொல்வதைத் தாளில் எழுதிவாங்கி எனக்கு விடுத்தால், எஞ்சியதற்கு முறையீடு எழுதித் தருவது என் பொறுப்பு. கட்டணம் வேண்டா. அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டா.